பின்வளவில் பனி, இரவு 11.40

மோர்டன்,
06.11.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குளிரோடு திரும்பி வந்துவிட்டது. அங்கே உங்களுக்குப் போதிய போர்வை தருகிறார்களா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? முதலில் இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

சிறையில் இருப்பவருக்கு யாரும் கடிதம் போடலாம் என்று நூலகத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்தேன். மூன்று மாதம் இது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே கோபம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுக்கும் பத்து நிமிடத் தொலைபேசியில் ஒன்பது நிமிடம் அம்மா அழுகிறார். மிச்ச ஒரு நிமிடத்தில் "சாப்பிட்டனியே?" என்று கேட்கிறார். என் முறை வருவதே இல்லை.

அப்பா உங்கள் பெயரைச் சொல்வதில்லை. கேட்பவர்களிடம் நீங்கள் ஜேர்மனியில் வேலை செய்வதாகச் சொல்கிறார். கோயிலில் கலாவதி மாமி, "ஜேர்மனியில எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அப்பா, "வடக்குப் பக்கம்" என்றார். மாமி என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்தேன்.

இதை அம்மா சமைத்து முடித்த குசினியில், மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். அப்பா சற்று முன் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுறாய்?"

"தமிழ்ப் பள்ளிக்கூடச் சோதினைக்குக் கடிதம் எழுதிப் பழகிறன் அப்பா."

"ஆருக்கு?"

"தூர இடத்தில இருக்கிற அண்ணனுக்கு. அப்பிடித்தான் கேள்வி வரும்."

அப்பா தாளின் மேல் மூலையைப் பார்த்தார். பிறகு, "திகதியை வலப் பக்கம் போடவேணும்" என்று சொல்லிவிட்டு பஸ் டிப்போவுக்குப் போய்விட்டார். நான் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனாலும் தாளைக் கிழித்துவிட்டு, திகதியை வலப் பக்கம் போட்டு மறுபடி எழுதினேன்.

தபால் வரும் நேரத்தில் அம்மாதான் வீட்டில் நிற்பார். அவருக்குத் தெரியும். பயப்படாமல் எழுதுங்கள்.

தபால் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும் தங்கை,
ஹம்சா


27.11.2022

அன்புத் தங்கை ஹம்சாவுக்கு,

போர்வை இரண்டு. மத்தியானச் சாப்பாடு பதினொன்றரைக்கு, இரவுச் சாப்பாடு நாலரைக்கு. இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன், ரீச்சர். அம்மாவை ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதம் வர இரண்டரைக் கிழமை, பதினேழு நாள் ஆனது. தமிழ்க் கடிதமென்றால் தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் முதலில் வாசிக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் எழுதினால் நாலு நாளில் வரும். ஆனால் நீ தமிழிலேயே எழுது. இங்கே எல்லாருக்கும் எல்லாருடைய கதையும் தெரியும். என் அறையில் இருப்பவன் உன் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன, பின்னல் வேலைக்கு மாதிரியா?" என்று கேட்டான். ஓம், அதேதான் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஓர் உதவி. இங்கே இரவு இருட்டாவதில்லை. முற்றத்து விளக்கு விடியும் வரை எரியும். நாலு மாதமாக நான் இருட்டைப் பார்க்கவில்லை. இந்த வருடம் பனி கொட்டினால், என் அறை யன்னலிலிருந்து வீட்டுக்குப் பின்னால் தெரியும் பின்வளவை இரவில் ஒரு படம் எடுத்து அனுப்பு. கமெரா அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு யன்னலைத் திற. உன் தடித்த புத்தகங்களை அடுக்கி அதன் மேல் கமெராவை வை. பத்து விநாடி ஷட்டர் திறந்திருக்க வேண்டும். பிளாஷ் போடாதே. கையால் அழுத்தினால் ஆடும், ரைமர் வை. நம் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்தப் பத்து விநாடியில் கமெராவுக்குத் தெரியும்.

உனக்கு அப்போது ஒரு வயது. லண்டனில் பஸ் எல்லாம் நின்றுபோன அந்தப் பெரிய பனி நாளில் அப்பா வேலைக்குப் போகவில்லை. இரவில் என்னை எழுப்பி வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் போனால் எட்டுப் படம் எடுத்தார். எட்டும் கறுப்பு. "நீ வளந்து நல்ல கமெரா வேண்டி எடடா" என்றார். வளர்ந்தேன், கமெராவும் வாங்கினேன். பிறகு அப்படிப் பனியே வரவில்லை.

இன்னொன்று. நான் எங்கே என்று காட்டும் ஒரு பட்டியைக் காலில் கட்டி, இரவு ஏழு மணிக்குப் பிறகு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னை மார்ச் கடைசியில் வீட்டுக்கு விடலாம். அதற்கு வீட்டு விலாசம் வேண்டும். பெப்ரவரியில் ஓர் அதிகாரி அப்பாவுக்குப் போன் எடுப்பார். வீடு அப்பாவின் பெயரில் இருப்பதால் அவர் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் ஓகஸ்ட் வரை இங்கேதான். அம்மாவிடம் மெல்லச் சொல்.

உன் அண்ணா,
மிதுலன்


மோர்டன்,
04.12.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். ஒத்தடம் வேலை செய்கிறது. நீங்கள் இருமலோடு பேசியதாக அம்மா சொல்கிறார். சுடுதண்ணீர் கிடைத்தால் குடியுங்கள்.

நேற்று அப்பா சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா விலாசத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ர வீட்டு அட்ரஸை அந்தக் கடுதாசியில போட விடமாட்டன்."

"எங்கட பிள்ளையெல்லேப்பா" என்றார் அம்மா.

"போனைப் பாத்துக்கொண்டு கார் ஓடி, குறோசிங்கில போன மனிசியை அடிச்சவன். அந்த மனிசிக்கு இண்டைக்கும் தடியில்லாமல் நடக்கேலாது. இவர் வந்து தன்ர கட்டிலில படுப்பாராக்கும். நான் இருபத்திரண்டு வருசம் பஸ் ஓடுறன். ஒரு கீறல் இல்லை."

பிறகு, புதுவருடத்துக்குப் பிறகு பின்வளவு ஷெட்டை இடிக்கப் போவதாகச் சொன்னார். நீங்கள் படம் கழுவும் தட்டுகள், போத்தல்கள் எல்லாம் குப்பைக்காம். இதை உங்களுக்கு எழுதுவதா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் நீங்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் பஸ்ஸில் போனேன். அந்தக் குறோசிங்கில் ரோட்டைக் கடக்க ஒருவருமே நிற்கவில்லை. அப்பா பஸ்ஸை முழுதாக நிறுத்தினார். இடப் பக்கம் பார்த்தார், வலப் பக்கம் பார்த்தார், மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். அப்பா காது கேட்காதவர் போல இருந்துவிட்டு மெதுவாக எடுத்தார். எல்லாத் தரமும் அப்படித்தான் என்று முன் இருக்கையில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னார்.

கமெராவில் பழகுகிறேன். அகராதியும் கலைக்களஞ்சியத்தின் இரண்டு தொகுதிகளும் சரியான உயரம். பனிதான் இல்லை.

வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை,
ஹம்சா


மோர்டன்,
13.12.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: பனி கொட்டியது! இனிக் கேட்கிறேன், இருமல் எப்படி?

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. முதலில் மழை மாதிரி, பிறகு பஞ்சு மாதிரி, பிறகு எந்த மாதிரியும் இல்லை, பனி மாதிரியே. அம்மா படுத்துவிட்டார். அப்பா பின்னேர ஷிப்ட். நான் உங்கள் அறைக்குப் போய் விளக்கை அணைத்து யன்னலைத் திறந்தேன். அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. விமானம் இல்லை, கார் இல்லை. பதினாறு படம் எடுத்தேன். பதினைந்து பழுது. ஒன்றில் என் மூச்சுப் புகை, ஒன்றில் அகராதி சரிந்துவிட்டது. கடைசிப் படம் சரியாக வந்தது என்று நினைக்கிறேன். கமெரா அதற்கு 11.40 என்று நேரம் போட்டிருக்கிறது. அதைக் கடையில் கொடுத்துக் கையளவில் அச்செடுத்து இத்துடன் வைக்கிறேன். நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கடைக்காரர் உறையில் போட்டுத் தந்ததும் நேரே தபாற்கந்தோருக்கு ஓடினேன்.

அப்பா இரவு இரண்டு மணிக்குத்தான் வந்தாராம். பத்து மணிக்கே பஸ்ஸெல்லாம் நிறுத்திவிட்டார்களாம். "டிப்போவில இருந்து தேத்தண்ணி குடிச்சனாங்கள்" என்றார். பின்னேர ஷிப்ட் செய்தால் மத்தியானம் வரை தூங்குகிறவர், அன்று விடிய எழும்பிப் பின்வளவுப் பனி முழுவதையும் வழித்து ஒதுக்கிவிட்டார். எனக்குச் சரியான கோபம். பள்ளிக்கூடமும் பூட்டு. விளையாட ஒரு பிடி பனிகூட இல்லை.

படம் பிடித்திருக்கிறதா என்று உடனே எழுதுங்கள். உடனே என்றால் மூன்று கிழமை என்று எனக்குத் தெரியும்.

கை இன்னும் சூடாகாத தங்கை,
ஹம்சா


08.01.2023

அன்புத் தங்கைக்கு,

இருமல் விட்டது. நத்தாருக்கு, யேசு பிறந்த நாளென்று, ஆளுக்கொரு தோடம்பழம் தந்தார்கள். நீங்கள் மூவரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நீ உண்மையைத்தான் கேட்பாய். இங்கே கடிதங்களை எங்களிடம் தருவதில்லை. பிரதி எடுத்து, பிரதியைத்தான் தருவார்கள். தாளில் போதைமருந்தை ஊறவைத்து அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்களாம். உன் படத்தையும் அப்படித்தான் பிரதி எடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்தது ஒரு கறுப்புத் தாள். மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கீறு. அவ்வளவுதான். அப்பாவின் எட்டோடு இது ஒன்பது.

ஆனாலும் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இருட்டுத்தானே கேட்டேன்.

கமெராவில் படம் இருக்கும். அதைப் பார்த்து எனக்கு எழுது. கவிதை வேண்டாம். இடப் பக்க மேல் மூலையில் தொடங்கி, என்ன இருக்கிறதோ அதை எழுது.

அண்ணா,
மிதுலன்


மோர்டன்,
29.01.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஏழு நிமிடம்தான் அழுகிறார்.

படத்தை நூலகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி இடப் பக்க மேல் மூலை.

வானம் கறுப்பு இல்லை. தேத்தண்ணீரில் நிறையப் பால் விட்ட நிறம். தெருவிளக்கு வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அதன் கீழ் பக்கத்து வீட்டுக் கூரை, ஓடு தெரியாமல் ஒரே வெள்ளை. அடுத்து நம் அப்பிள் மரம். ஒவ்வொரு கிளையும் மேலே வெள்ளை, கீழே கறுப்பு. நடுவில் உடுப்புக் கொடி. கழற்ற மறந்த ஐந்து கிளிப்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் தொப்பி. கொட்டிய பனி பத்து விநாடியில் கோடாகிவிட்டது, மென்மையாக, சரிந்து.

கீழே தரை. ஒரு நரி வேலியிலிருந்து அப்பிள் மரம் வரை நடந்திருக்கிறது. ஒரே நேர்க்கோட்டில் சின்னச் சின்னக் குழிகள்.

வலப் பக்கம் ஷெட். அதன் சின்ன யன்னலில் நீங்கள் மாட்டிய கறுப்புத் துணி. துணியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கமெராவின் பிழையாக இருக்கலாம்.

அண்ணா, இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நரியின் தடம் மட்டும் இல்லை. தெருவிலிருந்து வளவுக்குள் வரும் பக்கப் படலையிலிருந்து ஷெட் கதவு வரை இன்னொரு தடம் இருக்கிறது. பெரிய சப்பாத்து. அகலமான அடி. இருபத்தாறு எண்ணினேன். ஷெட்டுக்குப் போயிருக்கிறது. திரும்பி வரவில்லை. வீட்டுப் பக்கமும் வரவில்லை, படலைப் பக்கமும் போகவில்லை. மூன்று தரம் தேடினேன். நான் யன்னலில் நின்ற நேரத்தில் அந்த ஆள் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

அப்பா டிப்போவில் இருந்ததாகத்தானே சொன்னார்?

நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஹம்சா


மோர்டன்,
10.02.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்களிடமிருந்து பதில் இல்லை. கடிதம் எங்கோ வரிசையில் நிற்கும் என்று தெரியும். ஆனால் அதிகாரி 16ஆம் திகதி போன் எடுப்பதாக அப்பாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. அப்பா அதை வாசித்துவிட்டு மைக்ரோவேவின் மேல் வைத்தார். பிறகு எடுத்துத் தலைகீழாக வைத்தார்.

என்னால் காத்திருக்க முடியவில்லை. படத்தை மறுபடி அச்செடுத்து, அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் பையில், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பின்னால் எதுவும் எழுதவில்லை. நேரம் மட்டும் எழுதினேன்: 11.40.

இரவு பெட்டி கழுவி வந்தது. படம் வரவில்லை. அப்பா சாப்பிடும்போது என் பக்கம் ஒரு தரம் பார்த்து, "சோதினை எப்ப?" என்றார்.

"ஜூன் மாதம்."

"ம். கடிதம் எழுதிறதில பிழை விடமாட்டாய்."

நான் செய்தது பிழையா, அண்ணா?

ஹம்சா


12.02.2023

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் படம் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது, எழுத்தில். எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அந்தக் கறுப்புத் தாளைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். கிளிப்புகளின் தொப்பி தெரிந்தது. மரம் தெரிந்தது.

சிவப்புப் புள்ளி கமெராவின் பிழை இல்லை. ஷெட்டில் இருக்கிற ஒரே பல்பு சிவப்பு. படம் கழுவ நான் மாட்டியது. அதன் சுவிட்ச் கதவுக்குப் பின்னால், கீழே இருக்கிறது. தேடித்தான் போட வேண்டும்.

ஹம்சா, கவனமாகக் கேள். இதை நீ கண்டதாக அப்பாவிடம் காட்டாதே. அம்மாவிடமும் வேண்டாம். அந்த இடமாவது அவருக்கு இருக்கட்டும். அவர் மாட்டேன் என்று சொன்னாலும் நான் ஓகஸ்ட் வரை இருந்துகொள்வேன். இருபத்தாறு அடி எனக்குப் போதும்.

அண்ணா


மோர்டன்,
18.02.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகமறிய ஆவல். எங்கள் சுகம் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

உங்கள் கடிதம் இன்று வந்தது. இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் நான் படத்தை வைத்திருக்க மாட்டேன். மன்னியுங்கள்.

போன் வியாழன் பின்னேரம் ஆறு மணிக்கு வந்தது. அம்மா சட்டியைக் கீழே இறக்கிவிட்டு நின்றார். அப்பா "ஹலோ" என்றார், தன் முழுப் பெயரைச் சொன்னார், பிறகு பின்கதவைத் திறந்து வளவுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டார். வெளியே இருட்டிவிட்டது. குசினி வெளிச்சத்தில் கண்ணாடியில் நாங்கள்தான் தெரிந்தோம். நான் விளக்கை அணைத்தேன். அப்போதுதான் அப்பா தெரிந்தார். ஷெட் கதவடியில் நின்றார், ஒரு கை கதவின் மேல். ஏழு நிமிடம். தலையசைத்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

உள்ளே வந்து சப்பாத்தைத் துடைத்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"பருப்பு அடிப்பிடிக்குது" என்றார்.

சட்டி கீழே இருந்தது. அடிப்பிடிக்க அடுப்பில் எதுவுமே இல்லை. அம்மா சட்டியை எடுத்துத் திரும்ப அடுப்பில் வைத்தார்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.

ஹம்சா


மோர்டன்,
05.03.2023

மகன் மிதுலனுக்கு,

அம்மாவும் தங்கையும் சுகம். நானும் சுகம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது 1999இல், உன் அம்மாவுக்கு. இது தமிழில் இருப்பதால் உனக்குப் பிந்தித்தான் கிடைக்கும் என்று ஹம்சா சொல்கிறாள். நீ வெளியே வரும் 28ஆம் திகதிக்கு முன்னால் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் இன்று எழுதுகிறேன். அந்த அதிகாரி உனக்கு விடயத்தைச் சொல்லியிருப்பார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஹம்சா எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அன்று பஸ் நின்றதும் டிப்போவிலிருந்து நடந்து வந்தேன். ஷெட்டிலுள்ள சாமான்களை எறிவதற்காகப் பெட்டியில் போட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். தட்டுகளைப் போட்டேன். கொடியில் நீ காயவிட்ட படங்கள் அப்படியே தொங்கின. அவற்றைக் கழற்ற முடியவில்லை. கை விறைத்துவிட்டது. குளிர் அப்படி. பிறகு பார்த்தால் இரண்டு மணி.

தட்டுகளைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன். வரிசை பிழையாக இருந்தால் நீ சரிப்படுத்து. சின்ன ஹீற்றர் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஷெட்டின் ஒரு பக்கம் ஒழுகுகிறது. இடிக்கத் தேவையில்லை, கூரையை மாற்றினால் போதும். நீயும் ஏறிப் பிடிக்க வேண்டும்.

நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஏழு மணிக்கு முன் நீ வீட்டுக்குள் இருக்க வேண்டும். கார் அனுப்பச் சொல்லி ஒருவரையும் கேட்காதே. மோர்டன் ஸ்டேசனுக்கு வெளியே, நாலு பத்துக்கு என் பஸ் நிற்கும். பயணக் கார்டை மெசினில் வைத்துத்தான் ஏற வேண்டும். என் மகன் என்று சும்மா ஏற முடியாது. பஸ்ஸின் மேல் தட்டுக்குப் போகாதே. கீழே, முன் இருக்கையில் இரு.

குறோசிங்கில் பஸ் நிற்கும். ஒருவரும் இல்லாவிட்டாலும் நிற்கும். ஆட்கள் சத்தம் போடுவார்கள். நீ திரும்பாதே. என்னோடு சேர்ந்து இரண்டு பக்கமும் பார்.

இப்படிக்கு,
ஆ. சுபாஸ்கரன்
அப்பா